கிளாசிக் 350 (2012): உயரத்தைக் குறைக்க சஸ்பென்ஷனில் கை வைக்கலாமா?

வடகரை_ரைடர்
வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2012 மாடல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டயர் 90/90-19, 110/90-18. சீட்டு உயரம் 800 மி.மீ. ஓட்டப்போவது என் தங்கை. அவள் உயரம் 155 செ.மீ., எடை 50 கிலோ, உள்கால் அளவு (கவட்டிலிருந்து தரை வரை) 71 செ.மீ. இப்போது இரண்டு பக்கமும் விரல் நுனிதான் தரையில் படுகிறது. 40 மி.மீ. இறங்கினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

பின்னால் 2 இன்ச் குறைவான ஷாக் மாட்டி, முன் ஃபோர்க்கை மேல் தட்டுக்கு (ஃபோர்க் குழாய்களை மேலே பிடித்திருக்கும் தகடு) மேலே ஏற்றிவிட்டால் முடிந்தது என்று பட்டறையில் சொல்கிறார்கள். அது சரிவருமா?

லேத்_கை
தம்பி, ஃபோர்க்கை மேலே ஏற்றுவது இந்த வண்டியில் நடக்காது. மேல் தட்டில் பக்கவாட்டு போல்ட் வைத்து ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடிக்கிற வண்டிகளில் போல்ட்டைத் தளர்த்தி 10, 15 மி.மீ. ஏற்றலாம். கிளாசிக்கில் மேல் தட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. பைலட் விளக்கு இரண்டும் உட்கார்ந்திருக்கிறதே, அந்த ஹெட்லைட் கூடுதான் மேல் தட்டின் வேலையையும் பார்க்கிறது. குழாயின் மேல்முனை அதற்குள் போய் முட்டி நிற்கும், மேல் போல்ட் அதை இழுத்துப் பிடித்திருக்கும். வெளியே நீட்ட வழியே இல்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டிலும் இதே கதைதான், அதில் குழாய் கூட்டுக்குள் மரையில் ஏறி நிற்கும்.

ஆகவே முன்பக்கத்தைக் குறைப்பதென்றால் ஃபோர்க்கைப் பிரித்து உள்ளே வேலை செய்ய வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், விவரமாக எழுதுகிறேன். பின்னால் மட்டும் 2 இன்ச் ஷாக் மாட்டுவதை முதலில் மறந்துவிடு.

கோணமானி
2 இன்ச் ஏன் கூடாது என்பதற்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

இந்த வண்டியின் பின்சக்கரம் மொத்தமே 80 மி.மீ.தான் ஏறி இறங்கும். முன்சக்கரம் 130 மி.மீ. 2 இன்ச் என்றால் 50 மி.மீ. பின்னால் 80-இல் 50 போனால் மிச்சம் 30. ஆள் உட்கார்ந்ததுமே 20, 25 அமுங்கிவிடும். அதன்பின் அது சஸ்பென்ஷன் இல்லை, இரும்புக் கம்பி.

சரி, ஷாக்கின் ஓட்டத்தை (அமுங்கும் தூரத்தை) குறைக்காமல் உடம்பை மட்டும் குட்டையாக்கினால்? அப்போது முழுதாக அமுங்கும்போது டயர் 50 மி.மீ. கூடுதலாக மேலே வரும். மட்கார்டிலும் அதன் உட்புறம் போகும் வயரிலும் உரசும்.

பின்னால் மட்டும் இறக்கினால் இன்னொரு சிக்கல். வீல்பேஸ் (இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள தூரம்) 1370 மி.மீ. பின்பக்கம் 20 மி.மீ. இறங்கினாலே வண்டி 0.8 டிகிரிக்கு மேல் மூக்கைத் தூக்கும். ஹெட்லைட் வெளிச்சம் 10 மீட்டர் தூரத்தில் 15 செ.மீ. மேலே போய் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதை ஸ்க்ரூவில் சரிசெய்யலாம். ஆனால் ஃபோர்க் சாய்வு கூடி, மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் பார் தானாக உள்ளே விழுகிற மாதிரி இழுக்கும். 190 கிலோ வண்டியில் கால் எட்டாமல் தடுமாறுகிறவருக்கு யூ டர்னில் அதுதான் ஆபத்து. எந்த இடத்துக்காக உயரத்தைக் குறைக்கிறோமோ அதே இடத்தில் வண்டி கையை விட்டுப் போகும்.

இத்தனைக்கும் கிடைப்பது குறைவு. ஓட்டுகிறவர் இரு சக்கரங்களுக்கும் நடுவில், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் பக்கமாக உட்கார்கிறார். பின்னால் 20 இறக்கினால் சீட்டில் ஏறக்குறைய 14தான் குறையும். முன்னும் பின்னும் சமமாக 20 இறக்கினால்தான் சீட்டில் முழு 20 கிடைக்கும், சாய்வும் மாறாது.

திண்டுவேலை
எல்லாரும் நேரே ஷாக்குக்குப் போய்விட்டீர்களே. கிளாசிக்கில் ஓட்டுகிறவர் சீட்டே ஸ்பிரிங் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது! முன்னால் ஒரு போல்ட் கீல், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங். சீட்டு உயரத்தில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றி அதன் நீளம், கம்பித் தடிமன், சுற்று எண்ணிக்கை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 20 மி.மீ. குட்டையான ஸ்பிரிங் போடுவதென்றால் அதே கம்பித் தடிமனில் சுற்றைக் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் தானாகவே விறைப்பாகும், இங்கே அதுதான் தேவை. அமுங்க இடம் குறைந்த பிறகு பழைய மென்மையிலேயே இருந்தால் சீட்டின் அடித்தகடு மட்கார்டில் இடிக்கும்.

இடிக்குமா என்று பார்க்க ஒரு சின்ன வழி. பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணைச் சீட்டுக்கு அடியில் நாலு இடத்தில் உருட்டி ஒட்டிவிட்டு, ஆளை உட்காரவைத்து இரண்டு மூன்று முறை எழும்பி உட்காரச் சொல்லுங்கள். களிமண் நசுங்கி எந்த இடத்திலும் 10 மி.மீ.க்குக் குறைவாக நின்றால் ஸ்பிரிங் போதாது. பின்பக்கம் மட்டும் இறங்குவதால் சீட்டு பின்னோக்கிச் சாயும், ஓட்டுகிறவர் டேங்கை விட்டுப் பின்னால் வழுக்குவார். முன் கீலுக்கு அடியில் கூடுதலாக வாஷர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திண்டை வெட்டும்போது பின்புறம் குறைவாகவும் முன்புறம் அதிகமாகவும் வெட்டிச் சமன் செய்யலாம்.

இனி திண்டு. மேலே 15 மி.மீ. எடுத்தால் கிடைப்பதைவிட, சீட்டின் முன்பகுதியை இரண்டு பக்கமும் 20 மி.மீ. சரித்து எடுத்தால் கால் எட்டுவது அதிகம். தொடை விரிந்து போவதுதான் பாதி உயரத்தைத் தின்கிறது. இரண்டையும் செய்யுங்கள். ஆனால் பழைய ஃபோமை அப்படியே மெலிதாக்கினால் ஒரு மணி நேரத்தில் அடித்தகடு உறுத்தும். வெட்டுகிற இடத்தில் அடர்த்தி அதிகமான ஃபோம் வைத்து ஒட்டி, அதன்மேல் 5 மி.மீ. மெல்லிய ஃபோம், அதன்மேல் ரெக்சின். ரெக்சின் தையல் ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கில் 20, திண்டில் 10 முதல் 15. உங்களுக்கு வேண்டிய 40-இல் 30-க்கு மேல் இங்கேயே வந்துவிடுகிறது. சஸ்பென்ஷனில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

இரும்புக்குதிரை
திண்டுவேலை சொல்வது நூற்றுக்கு நூறு. அதோடு ஒன்று: பின் ஷாக்கில் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற ஐந்து படி இருக்கிறதே, அது எந்தப் படியில் நிற்கிறது? பின்னால் ஆள் ஏற்றுவதற்காக மேல் படியில் வைத்துவிட்டு மறந்த வண்டிகள் ஏராளம். 50 கிலோ ஆள் தனியாக ஓட்டுவதென்றால் கீழ்ப்படியில் வைத்துப் பாருங்கள்.

வண்டிக்கு 13 வயசு ஆகிறது, ஸ்பிரிங் ஏற்கனவே தளர்ந்திருக்கவும் கூடும். அளந்துவிட்டு முடிவெடுங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது பின் ஆக்ஸிலில் இருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி வரை ஓர் அளவு. வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு. ஆள் உட்கார்ந்து, இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஓர் அளவு. முதலாவதில் இருந்து மூன்றாவதைக் கழித்தால் 20 முதல் 24 மி.மீ. வரணும். முன்னால் இதே கணக்கு 33 முதல் 39. இதைத் தாண்டினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது ஆளுக்கு அது மென்மை.

மலைச்சாலை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டயரையே 110/80-18 ஆக்கினால் 11 மி.மீ. குறையுமே?

கோணமானி
பின் ஆக்ஸில் 11 மி.மீ. இறங்கும், சீட்டில் 7, 8 கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்தில் இருப்பதால் அதில் மாற்றம் வராது. டயரின் சுற்றளவு 3 சதவீதத்துக்கு மேல் குறைவதால் அதே வேகத்தில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். சுமைக் குறியீட்டு எண் (டயர் தாங்கும் எடையைக் காட்டுவது) பழைய டயருக்குக் குறையாமல் பாருங்கள். அடுத்து டயர் மாற்றும் நேரம் வந்தால் யோசிக்கலாம், இதற்காகவே நல்ல டயரைக் கழற்ற வேண்டாம்.

இதைவிட முக்கியம் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி. கிளாசிக்குக்கு அது 135 மி.மீ. ஆள் உட்கார்ந்தால் நடுவில் 25 போய் 110 ஆகும். சஸ்பென்ஷனில் 20 இறக்கினால் 90.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (சாலை அமைப்புக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பு) விதிப்படி போட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். அதன் மேல் இரண்டு சக்கரமும் ஏறி நிற்கும்போது நடுவில் எழும்பி வருவது வெறும் 14 மி.மீ. அது உரசவே உரசாது. நம் தெருக்களில் இருப்பது அதுவா? அரை மீட்டர் அகலத்தில் குவித்துவைத்த மேடு. அது வீல்பேஸுக்குள் முழுதாக அடங்கிவிடுவதால் அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு வரும். 10 செ.மீ. மேடு, 9 செ.மீ. இடைவெளி. பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது டபுள் ஸ்டாண்டு, அடுத்து சைலன்சர் வளைவு.

ஆகவே என் கருத்தில் இந்த வண்டிக்கு சஸ்பென்ஷனில் 20 மி.மீ. என்பது எல்லை. 15 இன்னும் நல்லது.

வடகரை_ரைடர்
எல்லாருக்கும் நன்றி. சீட்டில் 30 எடுத்துவிட்டு, பிறகும் போதாவிட்டால் முன்னும் பின்னும் 15 இறக்குவது என்று வைத்துக்கொள்கிறேன். லேத்_கை அண்ணா, ஃபோர்க்குக்குள் செய்யும் வேலையை எழுதுங்கள். ஸ்பிரிங்கை 15 மி.மீ. வெட்டினால் போதுமா?

லேத்_கை
ஸ்பிரிங்கை மட்டும் வெட்டினால் ஃபோர்க்கின் நீளம் குறையாது. மேலே தொளதொளவென்று ஆடும், பள்ளத்தில் இறங்கும்போது டங்கென்று தட்டும். ஃபோர்க் எவ்வளவு நீளலாம் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் டாம்பர் ராடின் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி) தலை. அந்தத் தலைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். ஃபோர்க் முழுதாக நீளும்போது மோதாமல் தாங்குவது அதுதான். தலைக்கும் இந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கும் நடுவே 15 மி.மீ. நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு போட்டால் ஃபோர்க் 15 மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும். முழுதாக அமுங்கும் நிலை பழையபடியே இருக்கும். டயர் மட்கார்டில் இடிக்கும் பயம் இதில் இல்லை, அதற்காகத்தான் இந்த வழி.

துண்டை அலுமினியத்தில் கடையச் சொல்லு. பிவிசி குழாய் வேண்டாம், சூட்டிலும் ஆயிலிலும் நாள்பட்டால் விரிசல் விடும். உள் விட்டம் ராடைவிட 2 மி.மீ. தாராளமாக இருக்கட்டும். வெளி விட்டம் குழாய்க்குள் உரசாமல் ஓடணும். சுற்றிலும் 4 மி.மீ. துளை நாலு போடு. ராடின் மேல்பகுதியில் ஆயில் போகிற சின்ன ஓட்டைகள் இருக்கும். இறுக்கமான துண்டு அவற்றை மூடிவிட்டால் ஃபோர்க் திரும்பி எழும்பாமல் அடைத்துக்கொள்ளும். பல பேர் செய்கிற தப்பு இதுதான். ஓரங்களை அரம் போட்டு மழுக்கு, பிசிறு ஒன்று இருந்தாலும் ஆயிலில் கலந்து சீலைக் கிழிக்கும்.

வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடு. எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி மட்டும் வைக்கணும்: ஃபோர்க் அடியில் உள்ள ஆலன் போல்ட், மேலே உள்ள பெரிய போல்ட். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போதே ஆலன் போல்ட்டைத் தளர்த்திவிட்டால் உள்ளே ராடு கூடவே சுற்றாது. பிரித்தபிறகு முயன்றால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காலிபரை (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பகுதி) கழற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு, பிரேக் ஹோஸில் தொங்கவிடாதே. பேடுகளுக்கு நடுவே ஒரு மரச்சில்லு வை, யாராவது லிவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஸ்பீடோ கேபிள், சக்கரம், மட்கார்டு. பிறகு மேல் போல்ட்டை முழுதாக எடுத்து, கீழ்த் தட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் கால் இறங்கும். மேல் மூடியைக் கடைசி மரையில் திறக்கும்போது முகத்தை நேரே வைக்காதே, ஸ்பிரிங் தள்ளும்.

ஆயிலை முழுதாக வடி. ஆலன் போல்ட்டை எடுக்கும்போது அடியில் செம்பு வாஷர் வரும், புதிது போடு. பழையதையே போட்டால் அங்கேதான் ஒழுகும். ஆயில் சீல், டஸ்ட் சீல் இரண்டும் இதோடு மாற்றிவிடு. குழாயில் துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டினால் புதுச் சீலும் நிற்காது.

துண்டு உள்ளே போனபிறகு மெயின் ஸ்பிரிங்குக்கு 15 மி.மீ. இடம் குறைந்திருக்கும். ஸ்பிரிங்குக்கு மேல் குழாய் ஸ்பேசர் இருக்கும் ஃபோர்க் என்றால் ஸ்பேசரிலேயே வெட்டு. இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் நெருக்கமான சுற்றுள்ள முனையில் வெட்டி, வெட்டுமுனையைச் சமமாகத் தேய்த்து, ஒரு தட்டை வாஷரோடு போடு. வெட்டும்போது கட்டிங் வீல், கூடவே தண்ணீர். கேஸ் டார்ச் ஆகவே ஆகாது, சூடேறினால் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும்.

ஆயில் அளவு மேனுவலில் உள்ளபடிதான். முழுதாக அமுங்கிய நிலை மாறாததால் அளவும் மாறாது. இரண்டு காலிலும் ஸ்பிரிங் இல்லாமல், முழுதாக அமுக்கி, மேல்விளிம்பில் இருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலால் அள. இரண்டுக்கும் 1 மி.மீ. வித்தியாசம்கூட இருக்கவேண்டாம்.

கோணமானி
லேத்_கை எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 15-ஐயும் ஸ்பேசரில் வெட்ட வேண்டாம், 10 போதும். ஓட்டம் 130-இல் இருந்து 115 ஆகிறது. அதே பள்ளத்தின் அடியைக் குறைந்த தூரத்தில் வாங்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் விறைப்பு, ஓட்ட விகிதத்தின் வர்க்கத்தில் கூட வேண்டும். முன்னால் 130-க்கு 115 என்றால் ஏறக்குறைய 1.28 மடங்கு. 50 கிலோ ஆள் என்பதால் அவ்வளவு தேவைப்படாது, மிச்சமுள்ள 5 மி.மீ. அழுத்தம் ஓரளவு ஈடுகட்டும். பின்னால் 80-க்கு 65 என்றால் கணக்கு 1.5 மடங்கைத் தாண்டுகிறது. பின்பக்கம்தான் முதுகெலும்பைக் கேட்கும், அங்கே கவனம் கூடுதலாக வேண்டும்.

இரும்புக்குதிரை
பின்பக்கம் பற்றி நான் சொல்கிறேன். இருக்கிற கேஸ் ஷாக்கைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும், துளை போட்டால் வெடித்து வரும். ஷாக்கின் கீழ்க்கண்ணை (போல்ட் போகும் வளையம்) இடம் மாற்ற ஒரு தகடு விற்கிறார்களே, அதுவும் வேண்டாம். தகடு நெம்புகோல் மாதிரி வேலை செய்து ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) போல்ட்டை வளைக்கும். போதாததற்கு டயரை மட்கார்டுக்குள் ஏற்றிவிடும்.

குட்டையான புது ஷாக் ஜோடிதான் வழி. கடைக்குப் போகும்முன் நாலு அளவு கையில் வேண்டும்: கண்ணுக்குக் கண் நீளம், கண்ணின் உள் விட்டம், புஷ்ஷின் அகலம், முழுதாக அமுங்கியபோது நீளம். முதல் மூன்றைக் கடைக்காரரே கேட்பார். நாலாவதை யாரும் கேட்பதில்லை, டயரைக் காப்பாற்றுவது அதுதான். புது ஷாக்கின் அமுங்கிய நீளம் பழையதற்குக் குறையக் கூடாது.

15 மி.மீ. சக்கரம் இறங்க ஷாக் 15 மி.மீ. குறையத் தேவையில்லை. ஸ்விங் ஆர்ம் சுழலும் போல்ட்டில் இருந்து ஷாக் போல்ட் வரை ஒரு அளவு, ஆக்ஸில் வரை ஒரு அளவு எடுங்கள். முன்னது பின்னதில் 90 சதவீதம், ஷாக் 20 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்தால், ஷாக்கில் 1 மி.மீ. என்பது சக்கரத்தில் ஏறக்குறைய 1.18. அப்போது 13 மி.மீ. குட்டையான ஷாக் போதும்.

வாங்கும்முன் ஒரு சோதனை. புது ஷாக்கின் அமுங்கிய நீளத்துக்கு இரண்டு பட்டைக் கம்பியில் துளை போட்டு, ஷாக்குக்குப் பதிலாக மாட்டி வண்டியைக் கீழே இறக்குங்கள். சஸ்பென்ஷன் முழுதாக அடித்த நிலை இதுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 15 மி.மீ. இருக்கிறதா, செயின் எங்கே உரசுகிறது, நம்பர் பிளேட் போல்ட் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். உருட்டிப் பார்ப்பதோடு சரி, அப்படியே ஓட்டிவிடாதீர்கள்.

பட்டை மாட்டியிருக்கும்போதே செயினையும் பார்த்துவிடலாம். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கம். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு இருக்கணும். வண்டி தாழ்ந்தபின் ஸ்டாண்டில் அளக்கிற பழைய கணக்கு அப்படியே பொருந்தாது.

மலைச்சாலை
சட்டப்படி?

கோணமானி
மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சீட்டுத் திண்டு இதற்குள் வராது. ஃபிரேமை வெட்டுவது, ஸ்விங் ஆர்மை நீட்டி வீல்பேஸை மாற்றுவது தெளிவாக வரும். குட்டை ஷாக் போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அதைச் சாக்காகச் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

லேத்_கை
கடைசியாக ஸ்டாண்டு. இதை மறந்துவிட்டு வண்டியைக் கீழே போட்டவர்கள்தான் அதிகம். 15 மி.மீ. இறங்கினதும் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும், வண்டி நிமிர்ந்து நிற்கும். கொஞ்சம் காற்றோ வலப்பக்கச் சரிவோ போதும், மறுபக்கம் சாய்ந்துவிடும். வெட்டும்முன் இரண்டு டயருக்கும் அடியில் பலகை வைத்து, வண்டி பழைய சாய்வில் நிற்கும் வரை பலகையைக் கூட்டிக் குறை. எத்தனை மி.மீ. பலகையோ அதற்கு 1, 2 மி.மீ. கூட்டி வெட்டு. பாதத்தகட்டை வெட்டாதே, தண்டின் நடுவில் வெட்டி, உள்ளே கெட்டிக் கம்பி செருகி வெல்டிங் வை. வெல்டிங் போடும்போது பேட்டரி வயரைக் கழற்று.

டபுள் ஸ்டாண்டு எதிர்மாதிரி தொல்லை தரும். வண்டியை முன்பைவிட 15 மி.மீ. கூடுதலாகத் தூக்கினால்தான் ஸ்டாண்டு ஏறும், 50 கிலோ ஆளுக்கு அது முடியாது. இரண்டு காலிலும் ஒரே அளவு எடு. கழற்றி வீசிவிடாதே, பஞ்சர் ஆனால் பின்சக்கரத்தைக் கழற்ற அதுதான் ஆதாரம்.

மாட்டும்போது ஆக்ஸில், மட்கார்டு, கீழ்த் தட்டு மூன்றையும் தளர்வாக வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி முன்பிரேக்கைப் பிடித்து ஆறேழு தடவை அமுக்கு. கால்கள் இரண்டும் தானாக நேராகும். பிறகு இறுக்கு. 500 கி.மீ. ஓடியதும் ஃபோர்க் அடி போல்ட்டில் ஈரம் இருக்கிறதா, ஷாக் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்.

வடகரை_ரைடர்
எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. இந்த வாரம் சீட்டு ஸ்பிரிங்கும் திண்டும் மட்டும். ஷாக் கீழ்ப்படிக்கு மாற்றி மூன்று அளவுகளையும் எடுத்து இங்கே போடுகிறேன். இரண்டு பாதத்தின் முன்பாதியும் ஒருசேரத் தரையில் பதிந்தால் ஃபோர்க்கைப் பிரிக்கப் போவதில்லை.

திண்டுவேலை
அளவெடுக்கும்போது தங்கை வழக்கமாகப் போடும் ஷூவையே போட்டிருக்கட்டும். அடிப்பாகம் 20 மி.மீ. தடிமன் உள்ள ரைடிங் ஷூவுக்கும் சாதாரணச் செருப்புக்கும் வித்தியாசமே 10 மி.மீ.க்கு மேல் வரும்.